கச்சேரிப் பதிவுகளை டிஸ்க்கில் காப்பது: எந்த டிஸ்க்கை நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இது. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் கோயில் திருவிழாக்களில் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரிகள், அறுபது கேசட்டுகள். எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி ஹார்டு டிஸ்க்கில் வைத்தாயிற்று. இனி டிஸ்க்கிலும் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். கடைக்காரர் “மியூசிக் சிடி-ஆர்” வாங்கச் சொல்கிறார். நண்பர் தங்க நிற டிஸ்க்தான் நிற்கும் என்கிறார். இணையத்தில் எம்-டிஸ்க் ஆயிரம் ஆண்டு வரும் என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது? கூடவே, 2005 வாக்கில் எழுதிய சில சிடிகள் இப்போது திறக்க மறுக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றை அடுக்குள்ள 25 ஜிபி ப்ளூரே டிஸ்க், அதாவது பிடி-ஆர் வாங்குங்கள். அதில் சாயம் இல்லாத எச்டிஎல் (HTL) வகை மட்டும். இரண்டு வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்த டிஸ்க்குகளில் ஆளுக்கொரு செட் எழுதுங்கள். ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) ஃபைல்களாக, டேட்டா டிஸ்க்காக எழுதுங்கள்; ஆடியோ சிடியாக வேண்டாம். ப்ளூரே எழுதும் டிரைவுக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் வெர்பேட்டிம் நிறுவனத்தின் அசோ சாயமுள்ள டிவிடி பிளஸ் ஆர் போதும். ஆனால் எதை வாங்கினாலும், எழுதி முடித்த பிறகு சோதிக்காத டிஸ்க்கைக் காப்புப் பிரதி என்று நான் எண்ண மாட்டேன். பெட்டியின் மேலே இருக்கும் பெயரைவிட, உள்ளே யார் செய்த டிஸ்க் இருக்கிறது, உங்கள் டிரைவ் அதில் எப்படி எழுதியது என்ற இரண்டும்தான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இனிக் காரணங்கள்.

கடைக்காரர் சொன்ன “மியூசிக் சிடி-ஆர்” விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். டிவி பக்கத்தில் வைக்கும் தனி சிடி ரெக்கார்டர்கள் ஒரு காலத்தில் விற்றன. அமெரிக்காவில் 1992-ல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டத்தின் விளைவாக, அந்த வகைக் கருவிகள் ஒரு அடையாளக் குறி உள்ள டிஸ்க்கை மட்டுமே ஏற்கும்படி செய்தார்கள். அந்த டிஸ்க்கின் விலையில் இசை உரிமையாளர்களுக்கான ஒரு பங்கு சேர்ந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கணினி டிரைவுக்கு அந்தக் குறி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஒலித் தரமோ ஆயுளோ கூடாது, விலைதான் கூடும்.

ஆடியோ சிடியாக ஏன் எழுத வேண்டாம் என்பது இதைவிட முக்கியம். டிஸ்க்கில் தரவைச் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து வைக்கிறார்கள். ஆடியோ சிடியில் ஒரு செக்டரின் 2352 பைட்டும் இசைக்கே போய்விடுகிறது. டேட்டா டிஸ்க்காக எழுதினால் அதில் 2048 பைட் மட்டும் உங்கள் ஃபைலுக்கு. மீதியில் ஒரு பகுதி கூடுதல் பிழைத்திருத்தத்துக்கு ஒதுக்கப்படுகிறது. ஆடியோ சிடியில் சரிசெய்ய முடியாத பிழை வந்தால் பிளேயர் என்ன செய்யும் தெரியுமா? முன்னும் பின்னும் உள்ள ஒலியளவைப் பார்த்து நடுவில் ஊகித்து நிரப்பிவிடும். காதுக்குத் தெரியாது. கேட்பதற்கு அது வரப்பிரசாதம், காப்பகத்துக்குச் சாபம். டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதே தெரியாமல் ஆண்டுகள் போய்விடும். டேட்டா டிஸ்க் அப்படியில்லை, பிழை வந்தால் முகத்தில் அடித்தாற்போல் “படிக்க முடியவில்லை” என்று சொல்லிவிடும். அதோடு, ஆடியோ சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற அளவைத் தாண்டாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ, பழைய ஒலிநாடாக்களைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மாற்றச் சொல்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது என்கிறது. அதை ஆடியோ சிடிக்குள் திணிப்பதென்றால் பாதியை வெட்டிப்போட வேண்டும். அத்தைக்குக் கேட்கக் கொடுக்க ஓர் ஆடியோ சிடி வேண்டுமானால் கிடைக்கிற மலிவான டிஸ்க்கில் எழுதிக் கொடுங்கள். அது வேறு வேலை.

கணக்கைப் பாருங்கள். எல்லாம் 90 நிமிடக் கேசட் என்றால் அறுபதுக்குத் தொண்ணூறு மணி நேரம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல், மொத்தம் சுமார் 187 ஜிபி. ஃப்ளாக்காக மாற்றினால் ஒலியில் ஒரு பிட் கூட இழக்காமல் கணிசமாகச் சுருங்கும். ஆனால் கேசட்டின் இரைச்சல் சுருங்க மறுக்கும், அதனால் பாதிக்குச் சற்று மேல் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 எம்பி சிடியில் எழுதப் போனால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிடிகள். டிவிடி என்றால் முப்பதுக்குள். ப்ளூரே என்றால் ஒரு செட்டுக்கு ஆறு டிஸ்க், பிழைத்திருத்தத்துக்கு விடும் இடத்தையும் சேர்த்து. நூற்றைம்பது டிஸ்க்கை யாரும் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆறு டிஸ்க்கைச் சோதிப்பார்கள். சிடி-ஆரை இன்று நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதல் காரணம்.

ஃப்ளாக் பற்றி இன்னொரு வார்த்தை. அது இலவச வடிவம், யாருடைய தயவிலும் இல்லை. 2024 டிசம்பரில் இணையத் தரக் குழுவே அதை ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் தரமாக வெளியிட்டுவிட்டது. ஒவ்வொரு ஃப்ளாக் ஃபைலின் தலைப்பகுதியிலும் உள்ளே இருக்கும் ஒலியின் சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். முப்பது ஆண்டு கழித்து உங்கள் பேரன் அந்த ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தோடு ஒப்பிடாமலே, ஒலி சிதையாமல் இருக்கிறதா என்று ஒரே கட்டளையில் சோதிக்கலாம். வேவ் ஃபைலில் இந்த வசதி கிடையாது.

இப்போது டிஸ்க்குக்குள் போவோம். சிடி, டிவிடி, ப்ளூரே மூன்றும் 1.2 மில்லிமீட்டர் தடிமன்தான். பதிவு இருக்கும் அடுக்கு அந்தத் தடிமனில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சிடியில் அது எழுத்து அச்சிட்ட மேல் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்கு மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். நாம் எல்லோரும் பளபளக்கும் கீழ்ப் பக்கத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு, மேல் பக்கத்தை மேசையில் தேய்ப்போம், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவோம். உண்மையில் கீழே விழுந்த கீறலைத் தாண்டி லேசர் பெரும்பாலும் படித்துவிடும், தேவைப்பட்டால் மெருகேற்றியும் சரிசெய்யலாம். மேலே விழுந்த கீறல் பிரதிபலிப்புப் படலத்தையும் சாயத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும், அதற்கு மருந்தில்லை. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது, பதிவு நடுவில் பத்திரமாக இருக்கும். அதன் பலவீனம் அந்தப் பசைதான். விளிம்பில் பசை சரியாகப் பரவாவிட்டால் ஈரம் புகும், தகடுகள் பிரியத் தொடங்கும். ப்ளூரேயில் பதிவு படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதனால் அங்கே கடினமான பாதுகாப்புப் பூச்சு போடுகிறார்கள். சிடிக்கு மேல் பக்கத்தைக் காப்பாற்றுங்கள், ப்ளூரேவுக்குக் கீழ்ப் பக்கத்தை.

எழுதக்கூடிய சிடியிலும் டிவிடியிலும் லேசர் சுடுவது ஒரு கரிமச் சாயத்தை. சாயம் என்றால் துணிச்சாயம் போலவே வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மாறக்கூடிய பொருள். மூன்று குடும்பங்கள் உண்டு. முதலில் வந்தது சயனின். 1988-ல் சிடி-ஆரை உருவாக்கிய ஜப்பானின் தாயோ யூடன் பயன்படுத்தியது அதைத்தான். எல்லா டிரைவிலும் நன்றாக எழுதும், ஆனால் வெளிச்சத்தைத் தாங்காது. இரண்டாவது அசோ, மிட்சுபிஷி கெமிக்கல் உருவாக்கியது. அடர்நீல நிறம், வெர்பேட்டிம் பெயரில் விற்றது. மூன்றாவது தாலோசயனின், மிட்சுயி பிரபலமாக்கியது. கண்ணாடி போல வெளிர்ப்பச்சை, வெளிச்சத்தைத் தாங்குவதில் மூன்றிலும் உறுதியானது.

சாயத்துக்கு மேலே இருக்கும் பிரதிபலிப்புப் படலம் பெரும்பாலும் வெள்ளி. வெள்ளியின் எதிரி கந்தகம். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் டிஸ்க்கின் வெள்ளிப் படலம் கெடுவதும் ஒரே வேதியியல்தான். தங்கம் கறுக்காது. அதனால்தான் தங்கப் படலமும் தாலோசயனின் சாயமும் சேர்ந்த சிடி-ஆர் காப்பகங்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. கனடா அரசின் மரபுப் பொருள் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இந்தச் சேர்க்கைக்கு நூறாண்டுக்கு மேல், அதே சாயத்தோடு வெள்ளி என்றால் 50 முதல் 100, அசோ அல்லது சயனின் சிடி-ஆருக்கு 20 முதல் 50, வெள்ளிப் படலமுள்ள டிவிடி பிளஸ் ஆருக்கு 20 முதல் 50, டிவிடி மைனஸ் ஆருக்கு 10 முதல் 20 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் நண்பர் சொன்னது கொள்கையளவில் சரி. நடைமுறையில் இரண்டு சிக்கல். மிட்சுயி, கோடாக் காலத்துத் தங்க டிஸ்க்குகள் புதிதாகக் கிடைப்பது அரிது. அப்புறம், தங்க நிறத்தில் மின்னுவதெல்லாம் தங்கப் படலம் அல்ல. மேலே மஞ்சள் பூச்சு அடித்து விற்ற வெள்ளி டிஸ்க்குகளைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். பழைய இருப்பு என்று யாராவது நம்ப முடியாத விலையில் கொடுத்தால் விட்டுவிடுங்கள்.

அந்தக் கனடா பட்டியலைத் தேடிப் படித்தீர்கள் என்றால், ஒருமுறை எழுதும் ப்ளூரேக்கு வெறும் 5 முதல் 10 ஆண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து என்னைத் திட்டக்கூடும். அந்த வரியில் சாயமுள்ளது, சாயமற்றது இரண்டையும் ஒரே குவியலாகப் போட்டிருக்கிறார்கள். இதில் நான் அவர்களோடு முழுதாக உடன்படவில்லை. ப்ளூரேயில் இரண்டு இனம் உண்டு. எச்டிஎல் என்பதில் சாயமே கிடையாது. உலோகக் கலவையால் ஆன கனிமப் படலத்தை லேசர் நிரந்தரமாக மாற்றுகிறது, சுட்ட இடத்தில் ஒளித் திருப்பம் குறையும். எல்டிஎச் (LTH) என்பது, சிடி, டிவிடி செய்த பழைய இயந்திரங்களையே கொண்டு மலிவாகச் செய்வதற்காகப் பிறகு கொண்டுவந்த சாய வகை. சுட்ட இடத்தில் ஒளித் திருப்பம் கூடும். எச்டிஎல் என்று பெட்டியில் பெரும்பாலும் போட மாட்டார்கள், எல்டிஎச் என்றால் அந்த மூன்று எழுத்தும் எங்காவது சிறிதாக இருக்கும். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் எச்டிஎல் கரும்பழுப்பாகவோ அடர்சாம்பலாகவோ இருக்கும், எல்டிஎச் மஞ்சள் கலந்து தெரியும். எல்டிஎச் தொடவே வேண்டாம். எச்டிஎல்லை நம்பலாம் என்பது என் முடிவு. ஆனால் கனடாக்காரர்களின் எச்சரிக்கையை மதித்துத்தான் இரண்டு செட், இரண்டு தொழிற்சாலை, அவ்வப்போது சோதனை என்கிறேன்.

எம்-டிஸ்க்கும் இதே வழியில் வந்தது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிமப் படலத்தை டிவிடியில் வைத்தார்கள். அதற்காகத் தொடங்கிய மில்லெனியாட்டா நிறுவனம் ஆயிரம் ஆண்டு என்று விளம்பரம் செய்தது. 2016-ல் நிறுவனமே திவாலானது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வகம் 2009-ல் வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றிலும் போட்டு வாட்டியபோது மற்ற டிவிடிகள் விழுந்தன, எம்-டிஸ்க் நின்றது. ஆனால் பிரான்ஸின் எல்என்இ ஆய்வகம் 90 பாகை வெப்பத்தில், 85 சதவீத ஈரத்தில் வைத்துப் பார்த்தபோது அது மற்றவற்றைவிடப் பெரிதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. படலம் கல்லாக இருந்தாலும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் அதே பாலிகார்பனேட்தானே. டிவிடியில் எம்-டிஸ்க்குக்கும் சாய டிஸ்க்குக்கும் நடுவே உண்மையான வேறுபாடு இருக்கிறது, அதை எழுத அதற்கென ஆதரவுள்ள டிரைவ் வேண்டும். ப்ளூரேயில் எச்டிஎல் டிஸ்க்கே கனிமப் படலம் என்பதால் எம்-டிஸ்க்குக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்கு உறுதியாகப் படவில்லை. அதே பணத்தில் இரண்டாவது செட் எழுதலாம்.

சரி, பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஏன் போதாது? பெயரை வைத்து டிஸ்க்கை எடைபோடுவது, மண்டபத்தின் பெயரைப் பார்த்துச் சமையல்காரரை மெச்சுவது மாதிரி. சோனி பெயரில், எச்பி பெயரில், இன்னும் எத்தனையோ பெயரில் வந்த டிஸ்க்குகளைச் செய்தது தைவானின் சிஎம்சி மேக்னெடிக்ஸ், ரைடெக், நம் ஊர் மோசர் பேர் போன்ற ஒரு சில நிறுவனங்கள்தான். தமிழ்ப் படங்களை 28 ரூபாய் விசிடியாக விற்றுக் கடைத்தெருவையே கலக்கிய அதே மோசர் பேர் தன் நொய்டாத் தொழிற்சாலைகளிலிருந்து உலக நிறுவனங்களுக்கும் டிஸ்க் செய்து கொடுத்தது. வெர்பேட்டிம் என்ற ஒரே பெயருக்குள்ளேயே தரம் மாறும். பெட்டியில் அசோ என்று போட்டது மிட்சுபிஷியின் சாயம். “லைஃப்” வரிசை என்று மலிவாக வந்தது பெரும்பாலும் சிஎம்சியின் சாதாரண டிஸ்க்.

உள்ளே யார் என்பதை டிஸ்க்கே சொல்லும். ஒவ்வொரு டிஸ்க்கின் வரித்தடத்திலும் தயாரிப்பாளர் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வெற்று டிஸ்க்கைப் போட்டால் வலப்பக்கத்தில் காட்டிவிடும். சிடி-ஆரில் இது நேரக் குறியாக இருக்கும்: 97 நிமிடம் 24 நொடி 01 என்றால் தாயோ யூடன், 97-34-23 என்றால் மிட்சுபிஷி, 97-26-66 என்றால் சிஎம்சி, 97-15-17 என்றால் ரைடெக், 97-17-06 என்றால் மோசர் பேர். டிவிடியிலும் ப்ளூரேயிலும் நேரடியாகப் பெயர்ச் சுருக்கமாகவே வரும். எம்சிசி 004 என்று வந்தால் அது மிட்சுபிஷியின் 16 மடங்கு டிவிடி பிளஸ் ஆர். குறியீட்டைப் போலியாகவும் பதிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். தாயோ யூடனுக்கு அந்தக் காலத்தில் நிறையப் போலி வந்தது. குறியீடு சரியாக இருப்பது பாதி உறுதி, மீதியைச் சோதனைதான் தரும்.

இந்தச் சந்தை வேகமாக வற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். தாயோ யூடன் 2015-ல் டிஸ்க் தொழிலை விட்டது. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. மிட்சுபிஷி கெமிக்கல் தன் வெர்பேட்டிம் டிஸ்க் பிரிவை 2019-ல் சிஎம்சிக்கு விற்றுவிட்டது. பானசோனிக் 2023 பிப்ரவரியோடும் சோனி 2025 பிப்ரவரியோடும் எழுதும் ப்ளூரே உற்பத்தியை நிறுத்திவிட்டன. அதனால் பத்தாண்டு பழைய பரிந்துரைகளைப் படித்துவிட்டு அதே டிஸ்க்கைத் தேடி அலையாதீர்கள். இன்று நடைமுறையில் சிஎம்சி, ரைடெக் என்று இரண்டு பெரிய தொழிற்சாலைகளை வைத்துத்தான் தேர்வு. உங்கள் இரண்டு செட்டுக்கும் ஆளுக்கொன்று என்றால் கணக்கு சரியாகிவிடும். ரிச்சி தெருவில் விசாரித்தால் வெர்பேட்டிம் கிடைக்க வாய்ப்பு அதிகம், மற்றதற்கு ஆன்லைன்தான் வழி. முதலில் ஐந்து டிஸ்க் உள்ள சிறிய பெட்டி ஒன்று வாங்கிக் குறியீட்டைப் பார்த்து, ஒன்றிரண்டு எழுதிச் சோதித்த பிறகு மிச்சத்தை அதே கடையில் வாங்குங்கள். பெட்டி ஒன்று என்றாலும் சரக்கு மாறலாம்.

எழுதும் வேகத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இன்னும் உலாவுகிறது: எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்று. 1990களின் டிஸ்க்குகளுக்கு அது பொருந்தியது. 48 மடங்கு வேகத்துக்கென்று சாயம் கலந்த சிடியில் மிக மெதுவாக எழுதினால் பிழை கூடவும் செய்யலாம். உச்ச வேகமும் வேண்டாம், அடிமட்டமும் வேண்டாம். 48 மடங்கு சிடியை 16 அல்லது 24-ல், 16 மடங்கு டிவிடியை 8-ல், 6 மடங்கு ப்ளூரேயை 4-ல் எழுதுங்கள். ஒரே மூச்சில் எழுதி மூடிவிடுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைக்காதீர்கள். இரட்டை அடுக்கு டிஸ்க், அழித்து எழுதும் ஆர்டபிள்யூ இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம்.

எழுதும் முன் டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். டிஸ்க்கில் எழுதவேண்டிய எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக, அதாவது டிஸ்க்கின் முழுப் பிம்பமாக முதலில் கணினியில் உருவாக்கி, மிச்சமிருக்கும் இடத்தைப் பிழைத்திருத்தத் தரவால் நிரப்பித் தரும். 25 ஜிபி டிஸ்க்கில் 20 ஜிபி இசை, மீதி காப்பு என்று விட்டால் பிறகு சில ஆயிரம் செக்டர்கள் போனாலும் மொத்தத்தையும் மீட்டுவிடலாம். டிஸ்க் நல்லதா கெட்டதா என்று தலையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியை இதில் செலவிட்டால் பலன் அதிகம். ஃபைல் பெயர்களை எளிய ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, வாசித்தவர், தவில், ஊர், தேதி, ராகம், எந்தக் கேசட்டின் எந்தப் பக்கம் என்ற விவரமெல்லாம் தமிழில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எல்லா டிஸ்க்கிலும் போடுங்கள். அதையே அச்செடுத்தும் வையுங்கள். யார் வாசித்தது என்று தெரியாத நாகஸ்வரப் பதிவு எத்தனை சுத்தமாக இருந்தாலும் பாதி ஊமை.

எழுதியபின் சோதனை இரண்டு படி. முதலாவது, டிஸ்க்கில் உள்ளதை மூலத்தோடு ஒப்பிடுவது. இம்க்பர்னில் ஒரு டிக் போட்டால் போதும். முடிந்தால் எழுதிய டிரைவில் மட்டுமல்லாமல் வேறு டிரைவிலும் படித்துப் பாருங்கள். இரண்டாவது, பிழை அளவு. எந்த டிஸ்க்கிலும் பிழை இருக்கும், டிரைவ் அதைத் திருத்திக்கொண்டேதான் படிக்கிறது. திருத்த வேண்டிய அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. சிடியில் முதல் கட்டப் பிழையைச் சி1 என்பார்கள். தரவிதி நொடிக்கு 220 வரை அனுமதிக்கிறது, காப்பகத்துக்குச் சராசரி 10-க்குள் இருக்க வேண்டும். அடுத்த கட்டப் பிழையான சி2 ஒன்று கூட வரக்கூடாது. டிவிடியில் இதற்கு இணையான எல்லை 280. இந்த எண்களைக் காட்டும் திறன் எல்லா டிரைவுக்கும் கிடையாது. லைட்-ஆன், பழைய பிளெக்ஸ்டார் டிரைவுகள் காட்டும், பல எல்ஜி டிரைவுகள் காட்டாது. மென்பொருளுக்கு விண்டோஸில் ஆப்டி டிரைவ் கன்ட்ரோல், லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல். டிரைவ் காட்டாவிட்டால் படிக்கும் வேக வரைபடத்தையாவது பாருங்கள், கோடு வழுக்கிக்கொண்டு ஏறினால் நல்லது, பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் டிரைவ் திணறியிருக்கிறது. வரைபடத்தைப் படமாகச் சேமித்து வைத்து, ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு தடவையின் எண்ணைவிட அது ஏறுகிறதா என்பதே செய்தி. ஏறத் தொடங்கினால் டிஸ்க் இன்னும் படிக்கும்போதே புதிதாக எழுதிவிடலாம்.

பாதுகாக்கும் இடத்தில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சோதனை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2003-ல் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 பாகை வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஐப்பசி அடைமழையில் ஐம்பது சதவீத ஈரப்பதம் என்றால் சிரிப்பார்கள். முடிந்ததைச் செய்வோம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறினால் காயவைத்துப் போடுங்கள். வெயில் இறங்கும் மாடி அறை, சமையலறைச் சுவர் இரண்டும் ஆகாது. பீரோவில் வைப்பதானால் அந்துருண்டை இருக்கும் தட்டில் வைக்காதீர்கள், நாப்தலீன் ஆவி பிளாஸ்டிக்குக்கு நல்லதல்ல. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு; வெளியே எடுத்த நொடியில் வியர்த்துவிடும், வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கெட்டிப் பெட்டியில் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், பைபோன்ற ஆல்பத்தில் செருகாதீர்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுற்றும்போது சமநிலை கெடும், பசை உள்ளே இறங்கும். எழுதவேண்டியதை நடுவில் ஒளி ஊடுருவும் வளையத்தில் தண்ணீர் மசிப் பேனாவால் எழுதுங்கள். பூஞ்சையும் ஒரு ஆபத்துதான். மத்திய அமெரிக்காவின் பெலீஸில் கெட்டுப்போன ஒரு சிடியில் பூஞ்சை உள்ளே புகுந்து படலத்தையே தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001-ல் அறிவித்தார்கள். அங்கும் நம்மைப் போல வெக்கையும் ஈரமும்தான்.

ஒரு செட் உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடாதீர்கள், அதுதான் அன்றாடப் பிரதி. வைரஸ் பூட்டினாலும், யாராவது தெரியாமல் அழித்தாலும், எழுதி மூடிய டிஸ்க்கை எதுவும் செய்ய முடியாது என்பதே டிஸ்க்கின் பலம். மூலக் கேசட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள், இன்னும் நல்ல டெக்கில் மீண்டும் மாற்றும் வாய்ப்பு வரலாம். யுஎஸ்பி ப்ளூரே டிரைவ் வாங்கும்போது முடிந்தால் இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியோடு வையுங்கள். மடிக்கணினிகளில் டிரைவே இல்லாமல் போய்விட்டது, டிஸ்க் நன்றாக இருந்தும் படிக்க ஆளில்லாத நிலை வரத்தான் போகிறது.

கடைசியாக அந்த 2005 சிடிகள். முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் படலம் உதிர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் இருந்தது போயிற்று. மற்ற இடங்களை மீட்கலாம். அழுக்கு இருந்தால் மென்மையான ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது, படலமும் கூடவே வந்துவிடும். பிறகு டிரைவை மாற்றிப் பாருங்கள். ஒன்றில் திறக்காத சிடி இன்னொன்றில் சாதாரணமாகத் திறப்பது அடிக்கடி நடக்கிறது, அதிலும் எழுதிய அதே பழைய டிரைவ் இன்னும் வீட்டில் கிடந்தால் அதை முதலில் முயலுங்கள். ஆடியோ சிடி என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளின் பாதுகாப்பு முறை, சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த நொடியில் ஐயம் என்று குறிப்பெழுதித் தரும். டேட்டா சிடி என்றால் டிடிரெஸ்க்யூ. ஒரு டிரைவில் படிக்க முடிந்ததை எடுத்துவிட்டு, இன்னொரு டிரைவில் விடுபட்ட செக்டர்களை மட்டும் கேட்டு வாங்கி அதே பிம்பத்தில் நிரப்பும். ஓர் இரவு முழுக்க ஓடினாலும் ஓடட்டும். இதை இந்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள், புது டிஸ்க் வாங்குவது அதன்பிறகு இருக்கட்டும்.